‘பெரிசு’ என்று எழுதிய ஃப்ளாப்பி

அன்று கடையில் இருந்தவர்கள் இவ்வளவுதான். முதலாளி. நான். என் அக்கா. அக்கா புருஷன், எனக்கு மாமா. அவர்கள் மகள், மூணு வயசு, மொட்டைத் தலை.

2004, ஆவணி மாதம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஸ்டிக்கர் கடை. வண்டி நம்பர், கடைப் பெயர், படகுப் பெயர் எல்லாம் ஸ்டிக்கரில் வெட்டித் தருவோம். நான் அங்கே ஆறு வருஷமாக இருந்தேன். ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. கடலுக்குப் போயிருக்க வேண்டியவன். போட்டில் ஏறினால் வாந்தி வரும். அதனால் மவுஸ் பிடித்தேன்.

முந்தின வாரம்தான் பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்தினோம். நான் தாய்மாமன். என் மடியில் வைத்துத்தான் குத்தினார்கள். அவள் உதைத்த உதையில் எனக்கு உதடு கிழிந்தது. கோயிலில் அலைந்து படம் எடுக்கிற ஒருத்தர் இரண்டு போட்டோ எடுத்துக் கொடுத்தார். ஒன்றில் குடும்பமே நிற்கிறோம். அவள் மட்டும் திரும்பி முதுகு காட்டுகிறாள். இன்னொன்றில் அவள் தனியாக. அழுது முடித்த முகம். அவளுக்கு அதுவரை எடுத்தது அந்த இரண்டு படம்தான்.

மாமா அப்போது புது ஃபைபர் படகு ஒன்று வாங்கியிருந்தார். அதன் முகப்பில் மகள் முகம் வேண்டும் என்றார். உப்புத் தண்ணீரில் ஸ்டிக்கர் ஆறு மாதம் தாங்காது என்று முதலாளி சொன்னார். உரிந்தால் மச்சான் வேறு ஒட்டுவான், கடலுக்குத்தான் வரமாட்டான், கரையில் நின்று ஒட்டவாவது ஒட்டட்டும் என்று மாமா சொன்னார். போட்டோவைக் கொடுத்துவிட்டுப் போனார்.

கடையில் இருந்தது பழைய கம்ப்யூட்டர். அப்போதே பழசு. அதில் கோடு வரைகிற ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. நாங்கள் அதை ‘டிரா’ என்போம். எங்களிடம் இருந்தது ரெண்டாம் வெர்ஷன். ஊரில் மற்ற கடைக்காரர்கள் ஒன்பது, பதினொன்று என்று போய்விட்டார்கள். ஸ்டிக்கர் வெட்டுகிற எங்கள் மிஷின், கட்டர், பழசு. ரெண்டாம் வெர்ஷன் சொன்னால்தான் அது கேட்கும். அதனால் நாங்கள் ரெண்டிலேயே இருந்தோம்.

இந்த டிரா எங்கிருந்து வந்தது என்று முதலாளி ஒருமுறை சொல்லியிருக்கிறார். அவர் மெட்ராசில் இந்த வேலை கற்றவர். பிரான்ஸ் தேசத்தில் ஒரு கார் கம்பெனி. அங்கே ஒரு இன்ஜினியர், காரின் வளைவை எப்படிக் கணக்கில் எழுதுவது என்று யோசித்தாராம். வளைவு முழுக்க எழுத வேண்டாம். இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் இழுத்துப் பிடிக்க இரண்டு கை. நடுவில் உள்ள வளைவை மிஷின் தானே போட்டுக்கொள்ளும். அந்தக் கணக்கு பெரிய கம்பெனிகளிலேயே வருஷக்கணக்காகக் கிடந்தது. பிறகு மேசை மேல் வைக்கிற கம்ப்யூட்டர் வந்தது, மவுஸ் வந்தது, லேசர் பிரிண்டர் வந்தது. அதன் பின்னால் டிரா மாதிரி சாஃப்ட்வேர்கள் பெட்டி நிறைய ஃப்ளாப்பியாக வந்தன. முதல் இரண்டு வெர்ஷனில் கோட்டில்தான் வேலை. திரையில் வெறும் ஒயர் மாதிரி தெரியும். கறுப்பு வெள்ளையாக நிரப்பின உருவத்தைப் பார்க்கப் பக்கத்தில் தனியாக ஒரு சன்னலைத் திறக்க வேண்டும். அது வருவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம்.

“போட்டோன்னா மணலு. டிரான்னா வலை. வலையில முடிச்சுதான் சரக்கு, மிச்சமெல்லாம் ஓட்டை” என்று எனக்குப் புரிகிற மாதிரி முதலாளி சொன்னார்.

கடையில் ஸ்கேனர் கிடையாது. போட்டோ வந்தால் அதன் மேல் கண்ணாடி மாதிரி ஷீட் வைத்து, மெல்லிய பேனாவால் முகத்தை வரைவோம். அந்த ஷீட்டை மானிட்டர் மேல் டேப் போட்டு ஒட்டுவோம். பிறகு ஷீட்டுக்குப் பின்னால் தெரிகிற திரையில், மவுசால் புள்ளி வைத்துக்கொண்டே போக வேண்டும். மானிட்டர் கண்ணாடி வளைவாக இருக்கும். தலையை அசைத்தால் மூக்கு நகர்ந்துவிடும். ஒரே இடத்தில் கழுத்தை வைத்து உட்காரணும். வேலை முடிந்ததும் ஷீட்டை ஸ்பிரிட்டால் துடைத்துவிடுவோம். அடுத்த ஆளுக்கு ஆகும்.

பாப்பா முகத்தை மூணு நாள் வரைந்தேன். மொட்டைத் தலைக்கு எட்டுப் புள்ளி போதும். மொட்டை எல்லாம் ஒன்றுதான். கஷ்டம் அதற்குக் கீழே. இடது புருவத்தில் ஒரு வெட்டு, படகு விளிம்பில் விழுந்ததில் வந்தது. அதற்கு மட்டும் பதினொரு புள்ளி. அழுது முடித்ததால் கீழ் உதடு ஒரு பக்கம் மடிந்திருந்தது. அதற்கு இருபதுக்கு மேல். கன்னத்தில் கண்ணீர் காய்ந்த கோடு. காதில் புதுத் தோடு, அதைச் சுற்றிக் கொஞ்சம் வீக்கம். எதையும் விடவில்லை. மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு புள்ளி. ஒரு முகத்துக்கு நான் அவ்வளவு வைத்தது இல்லை.

கம்ப்யூட்டரில் இடம் கம்மி. ஆள் ஒன்றுக்கு ஃப்ளாப்பி ஒன்று என்று வைத்திருந்தோம். அந்த முகத்தையும் ஒரு ஃப்ளாப்பியில் போட்டு, லேபிளில் ‘பாப்பா பெரிசு’ என்று எழுதினேன். போட்டோவை மாமாவிடம் கொடுத்தேன். ஷீட்டைத் துடைத்தேன்.

மறுநாள்தான் எல்லாரும் வந்தார்கள். ஃப்ளாப்பியைப் போட்டுப் பெரிசைத் திறந்தேன். பக்கத்துச் சன்னலில் முகம் மேலிருந்து கீழாக வந்தது. உதடு வந்ததும் அக்கா கையை நீட்டி மானிட்டரைத் தொட்டாள்.

“அவளேதான்டா.”

பிள்ளையும் எட்டிப் பார்த்தது. “நானு” என்றது.

அதை அப்படியே வெட்ட முடியாது. முந்நூறு புள்ளிக்கு மேல் போனால் எங்கள் கட்டர் பாதியில் நின்றுவிடும். ஸ்டிக்கர் வீண். அதோடு பொடிப் பொடியாக வெட்டினால் உரிக்க வராது, கடலில் ஓரம் தூக்கிக்கொள்ளும். படகு ஸ்டிக்கர் என்றால் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அதனால் புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன் வேறு பெயரில் கம்ப்யூட்டருக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். பெரிசு பெரிசாகவே இருக்கும். வேறு பெயரில் போட்டதைத்தான் குறைப்போம். அதுதான் முறை.

வேறு பெயரில் போட்டாச்சா என்று முதலாளி கேட்டார். பிள்ளை மவுஸ் ஒயரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. போட்டாச்சு என்று சொன்னேன்.

மஞ்சக்குப்பத்தில் கரண்ட் சொல்லாமல் போகும். கடையில் பேட்டரி கிடையாது. போனால் செய்த வேலை போச்சு. அதனால் நாலு புள்ளி எடுத்தால் ஒரு தடவை சேவ் பண்ணிவிடுவேன். முதலாளி முதல் மாதமே தலையில் தட்டிப் பழக்கியது. யோசிக்க வேண்டியதில்லை, விரல் தானாகப் போகும். ஒவ்வொரு சேவுக்கும் கம்ப்யூட்டர் ‘கர்ர்’ என்றது. பிள்ளைக்கு அது வேடிக்கை. அதுவும் ‘கர்ர்’ என்று சொல்லிச் சிரித்தது. சிரிக்கிறாள் என்று நான் இரண்டு புள்ளிக்கு ஒரு தடவை சேவ் பண்ணினேன்.

புருவ வெட்டு போனது. கண்ணீர்க் கோடு போனது. உதடு நேரானது. ஒரு மணி நேரத்தில் முடித்தேன். எவ்வளவு என்று முதலாளி கேட்டார். எண்பத்தெட்டு என்றேன். கெட்டிக்காரன் என்றார்.

வெட்டி உரித்து நீட்டினேன். மாமா தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“மச்சான், இது எம்மவளா, வெள்ளரிக்காவா?”

அக்கா சிரித்தாள். “பொம்ம மாதிரி கீறி வச்சிருக்கான். வுடு, மீனுக்கு என்னா தெரியப் போவுது.”

அதைப் படகு முகப்பில் நானே போய் ஒட்டினேன். போட்டுப் பொம்மை என்று எங்கள் மீனவக் குப்பத்தில் சொன்னார்கள்.

டிசம்பர் இருபத்தாறு ஞாயிற்றுக்கிழமை. புது வருஷ ஸ்டிக்கர் வேலை இருந்ததால் கடை திறந்திருந்தது. மாமா கடலில் இருந்தார். நடுக்கடலில் இருந்தவர்களுக்கு அலை போனதே தெரியவில்லை. அக்கா கூடையோடு டவுனுக்கு மீன் விற்க வந்திருந்தாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தாள். நான் குப்பத்துக்கு ஓடிப் போனபோது எங்கள் வீடும் இல்லை, பக்கத்து வீடும் இல்லை.

மூணு நாள் தேடினோம். ஆஸ்பத்திரி வாசலில் போட்டோ கேட்டார்கள். இரண்டு போட்டோவும் வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தது, வீட்டோடு போயிற்று. மொட்டை போட்டு நாலு மாதம், முடி இவ்வளவு இருக்கும், இடது புருவத்தில் வெட்டு என்று மாமா சொன்னார். எழுதிக்கொண்டவர் தலை நிமிரவில்லை. எங்களுக்கு முன்னால் நின்றவர்களும் அப்படித்தான் ஏதோ சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மிஷின் வைத்துப் பள்ளம் தோண்டி, சேர்த்துப் புதைத்தார்கள். அதில் அவள் இருந்தாளா இல்லையா என்று இன்றுவரை தெரியாது. அக்கா பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

மாமாவின் போட்டு ஒன்றும் ஆகாமல் கரைக்கு வந்தது. நாலாம் நாள் அவர் கத்தியை எடுத்து முகப்பைச் சுரண்டினார். நான் நின்று பார்த்தேன். ஓரம் தூக்காமல் நன்றாகத்தான் ஒட்டியிருந்தது.

இரண்டு மாதம் கழித்துக் கடைக்குப் போனேன். கடை மாறியிருந்தது. நிவாரணம் கொடுக்க வந்தவர்கள் கொடுத்த ஒவ்வொரு படகிலும், ஒவ்வொரு தண்ணீர்த் தொட்டியிலும் தங்கள் பெயர் பெரிசாக வேண்டும் என்றார்களாம். பழைய கட்டரால் அவ்வளவு வெட்ட முடியவில்லை. முதலாளி புதுக் கட்டரும் புதுக் கம்ப்யூட்டரும் வாங்கியிருந்தார். டிரா பன்னிரண்டாம் வெர்ஷன். பழைய கம்ப்யூட்டர், பழைய கட்டர், டிரா வந்த ஃப்ளாப்பிப் பெட்டி எல்லாவற்றையும் பெண்ணாடத்துக்காரர் ஒருத்தருக்குத் தள்ளிவிட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை. உட்கார்ந்து, பெயர் பெயராக வெட்டினேன். அந்தக் கடைக்கு அதைப் போல வியாபாரம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

2005 ஐப்பசி மழையில், நிவாரணத்துக்குக் கொடுத்த தகரக் கொட்டகையில் சோறு போடும்போது அக்கா சொன்னாள்.

“அவ முகம் வரமாட்டேங்குதுடா.”

நான் சோற்றைப் பார்த்தேன்.

“கண்ண மூடுனா முதுகுதான் தெரியுது. அந்த போட்டோல நின்ன மாதிரி. திரும்பமாட்டேங்கிறா.”

மாமா எழுந்து வெளியே போய்விட்டார். அப்போதுதான் எனக்கு அந்த ஃப்ளாப்பி ஞாபகம் வந்தது.

“பெரிசு இருக்குக்கா” என்றேன்.

“எது?”

“அன்னிக்குக் கண்ணாடிய தொட்டியே, அது.”

மறுநாள் கடைப் பரணில் தேடினேன். ஆள் ஆளுக்கு வைத்திருந்த ஃப்ளாப்பிகளோடு அதுவும் இருந்தது. லேபிளில் என் கையெழுத்து. பாப்பா பெரிசு. புதுக் கம்ப்யூட்டரில் போட்டேன். ஃபைல் பெயர் தெரிந்தது. திறந்தால் இங்கிலீசில் ஒரு கட்டம் வந்தது. முதலாளி படித்துச் சொன்னார். ரொம்பப் பழைய வெர்ஷனாம். இதற்குத் தெரியாதாம். தன் பிள்ளையையே தெரியாது என்று சொல்கிற சாஃப்ட்வேர் இதுதான் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, பழைய மிஷின் வேண்டும் என்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றார். நான் சொல்லவில்லைதான்.

காது குத்தில் படம் எடுத்தவரையும் தேடினேன். அலைந்து எடுக்கிறவர், ஃபிலிமைப் பத்திரப்படுத்துவதில்லை என்றார். எந்தக் காது குத்து என்றே அவருக்கு ஞாபகம் இல்லை.

2006-இல் பெண்ணாடம் போனேன். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிற டிராக்டர்களுக்கு நம்பர் வெட்டுகிற கடை. கடைக்காரர் நல்ல மனுஷன். உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். எங்கள் பழைய கம்ப்யூட்டர் வாங்கின மூணாம் மாதமே புகைந்துவிட்டதாம். டிரா ஃப்ளாப்பிகளைக் கரையான் தின்றுவிட்டது. பெட்டி மட்டும் இருக்கிறது என்றார். எங்கே என்று கேட்டேன். நான் உட்கார்ந்திருந்தது அதன் மேல்தான்.

2008-இல் காட்டுமன்னார்கோயில். ரைஸ் மில் சாக்குக்குப் பெயர் அச்சடிக்கிற ஒருத்தரிடம் டிரா மூணாம் வெர்ஷன் ஓடுகிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். ஓடியது. ஆனால் ஃப்ளாப்பி போடுகிற இடத்தில் எலி குட்டி போட்டதால் அதைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். பிரவுசிங் சென்டரில் ஃப்ளாப்பியைப் பென் டிரைவுக்கு மாற்றிக்கொண்டு மறுபடி போனேன். அந்தப் பழைய மிஷினில் பென் டிரைவ் செருக ஓட்டை இல்லை. ஃப்ளாப்பி படிக்கிற மிஷினுக்கு டிரா தெரியவில்லை. டிரா தெரிந்த மிஷினுக்கு ஃப்ளாப்பி படிக்கத் தெரியவில்லை. பிரவுசிங் சென்டர்காரர் பழைய டிராவை இன்டர்நெட்டில் தேடித் தந்தார். இரண்டு தடவை வைரஸ் வந்தது. மூணாம் தடவை அவர் என்னை வரவேண்டாம் என்றார்.

ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் அக்கா வாசலில் நிற்பாள். மிஷின் கிடைத்ததா என்று கேட்பாள். இல்லை என்பேன். சரி, சாப்பிடு என்பாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். வாசலில் நிற்பதை நிறுத்தவில்லை.

மாமா புது வலை எடுக்கவில்லை, தன் போட்டையும் இறக்கவில்லை. மற்றவர் போட்டில் கூலிக்குப் போனார். என்னோடு பேச்சு குறைந்தது. இல்லாததை இருக்கிறது இருக்கிறது என்று சொல்லி அவளை ஆறவிடாமல் வைத்திருக்கிறான் என்று ஒருமுறை பக்கத்து வீட்டில் சொன்னாராம். அது என் காதுக்கு வந்தது. நான் அவரிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

ஃப்ளாப்பியை டிபன் பாக்சில் வைத்து, பால் கவர் சுற்றி, ரேஷன் அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்தேன். ஈரம் ஆகாது. 2011 கடைசியில் புயல் அடித்துக் கூரை போனது. அரிசி நனைந்தது. டிபன் பாக்ஸ் நனையவில்லை.

2012-இல் சிதம்பரத்தில் ஒரு ஆள் இருப்பதாகத் தெரிந்தது. கீழ வீதிப் பக்கம் மாடியில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறவர். பழைய பூ டிசைன், பழைய பார்டர் எல்லாம் ரெண்டாம் வெர்ஷனில் கிடக்கிறது என்பதற்காக அந்தப் பழைய மிஷினை விடாமல் வைத்திருக்கிறார். ஃப்ளாப்பி படிக்குமா என்று கேட்டேன். படிக்கும், கரண்ட் இருந்தால் என்றார். அந்த வருஷம் பகலில் பாதி நேரம் கரண்ட் கிடையாது. மூணு மணிக்கு வரும், நாலு மணிக்குப் போகும், அதற்குள் வாருங்கள் என்றார்.

அக்காவிடம் சொன்னேன். அவள் உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். மாமா வரவில்லை என்றார். பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பார்த்தால் அவர் முன்னாடியே வந்து நின்றுகொண்டிருந்தார்.

பஸ்ஸில் அக்கா சன்னல் ஓரம். மாமா என் பக்கத்தில். பரங்கிப்பேட்டை விலக்கு தாண்டினதும் கேட்டார்.

“மச்சான், அதுல இருக்குதுல்ல?”

“இருக்கு மாமா.”

“நிச்சயமா?”

“பெரிசுன்னு எழுதியிருக்கு.”

அவர் டிபன் பாக்சை என் கையிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

இரண்டரைக்கு மாடி ஏறிவிட்டோம். கரண்ட் இல்லை. கடைக்காரர் விசிறி மட்டை எடுத்துக் கொடுத்தார். கோயிலிலேயே ஜெனரேட்டர்தான், நமக்கெல்லாம் எங்கே என்றார். டிபன் பாக்சைத் திறந்து, அரிசி மாவு ஒட்டியிருந்த கவரைப் பிரித்து, ஏழு வருஷம் அரிசிக்குள் இருந்தது என்றேன்.

“ஏழு வருஷமா அரிசிக்குள்ளவா? வத்தல் போட்டு வப்பாங்க, கேள்விப்பட்டிருக்கேன்” என்றார் அவர்.

அக்கா சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது.

அவர் ஃப்ளாப்பியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பூஞ்சை இல்லை, படிக்கும் என்றார். யார் படம் என்று கேட்டார். எங்க பாப்பா என்று அக்கா சொன்னாள். இப்போது என்ன படிக்கிறாள் என்று அவர் கேட்டார். படிக்கவில்லை என்றாள்.

மூணு அடித்து ஐந்து நிமிஷத்தில் கரண்ட் வந்தது. மிஷின் கிளம்ப நேரம் எடுத்தது. டிரா திறக்க அதைவிட நேரம். முதலில் வருகிற அந்தப் படத்தை எட்டு வருஷம் கழித்துப் பார்த்தேன். அவர் என்னையே உட்காரச் சொன்னார். ஃப்ளாப்பியைச் செருகினேன்.

‘கர்ர்’ என்றது.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்தச் சத்தம் ஃப்ளாப்பியின் சத்தம். கம்ப்யூட்டருக்குள் சேவ் பண்ணினால் இந்தச் சத்தம் வராது. அன்றைக்குக் கடையில் ஒவ்வொரு சேவுக்கும் இந்தச் சத்தம்தான் வந்தது. அதைக் கேட்டுத்தான் பிள்ளை சிரித்தது.

ஃபைல் திறந்தது. முதலில் ஒயர்தான் வரும். அறுநூற்றுப் பன்னிரண்டு புள்ளி என்றால் உதட்டுக்குப் பக்கத்தில் நூல் சிக்கின மாதிரி இருக்க வேண்டும். சிக்கு எதுவும் இல்லை.

“கோடா இருக்கே” என்றாள் அக்கா.

“இரும்மா. இது கோடு. பக்கத்துல மொகம் வரும்” என்றார் கடைக்காரர்.

நான் சன்னலைத் திறந்தேன். திறக்காமல் இருக்க முடியாது. மொட்டைத் தலை வந்தது. இரண்டு கண் வந்தது. முழுப் புருவம் வந்தது. நேர் உதடு வந்தது. அக்கா கையைத் தூக்கினாள். கண்ணாடிக்குக் கொஞ்சம் முன்னாலேயே கை நின்றது.

“இது போட்டுப் பொம்மடா.”

ஃபேன் ஓடியது.

“பெரிசுன்னு எழுதியிருந்துதே” என்றார் மாமா. கோபமாகச் சொல்லவில்லை. என்னிடம் கேட்ட மாதிரியும் இல்லை.

நான் சொன்னேன். “வேற பேர்ல போட்டேன்னு நெனச்சுட்டேன் மாமா. போடல. பெரிசு மேலயே சேவ் பண்ணிட்டே இருந்திருக்கேன். கரண்ட் போயிடுமோன்னு.”

அக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“அன்னிக்குக் கரண்டு போச்சா?”

யோசித்துப் பார்த்தேன்.

“போவலக்கா.”

அவள் தலையை ஆட்டினாள். புடவைத் தலைப்பை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிரிண்ட் எடுத்துத் தரட்டுமா, காசு வேண்டாம் என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் சார் என்றாள். நாலே கால் பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று மாமா சொன்னார். இரண்டு பேரும் படி இறங்கினார்கள். டிபன் பாக்சை மாமா கையிலேயே எடுத்துக்கொண்டு போனார். காலி டிபன் பாக்ஸ்.

நான் எழுந்திருக்கவில்லை. புள்ளி காட்டுகிற கருவியை எடுத்து முகத்தின் மேல் ஒரு தடவை கிளிக் செய்தேன். எதற்கு என்று தெரியவில்லை. பழக்கம். முகம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டமாகப் புள்ளிகள் தெரிந்தன. எத்தனை என்று திரையின் அடியில் ஒரு வரி வரும். பார்த்தேன்.

எண்பத்தெட்டு.